அளவுக்குக் காரணம் கேட்ட தயாளன்

செய்தி வந்தபோது நான் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சத்தியவேடு பக்கத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு ஒரு சப்ளையர் துளையை இடம் மாற்றிப் போட்டு அனுப்பியிருந்தார். கேட்டால், "எப்பவும் இப்படித்தான் மேடம் போடுவோம்" என்கிறார். "எப்பவும் போட்டா ஆச்சா? எதுக்குப் போடுறீங்க, அதைச் சொல்லுங்க" என்று நான் எகிறிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தயாளனின் மகள் நித்யா. "அத்தை, நைனா போயிட்டாரு" என்றாள். காலையில் டீ குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். போகிற வயசா அது? யாரைக் கேட்டுக்கொண்டு போனார்? அதை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. சப்ளையர் பாவம், தன்னைத்தான் சொல்கிறேன் என்று இரண்டடி பின்னால் போய்விட்டார்.

திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டு மாடி அறையில் எங்களோடு உட்கார்ந்து இயந்திரங்கள் வரைந்தவர்களே, பெங்களூரிலும் சென்னையிலும் அமெரிக்காவிலும் சிதறிக் கிடக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தயாளனைப் பார்த்தே இராதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. பழகிய காலமெல்லாம் "யோவ்" என்று கூப்பிட்ட ஆளை இன்று "அவர்" என்று எழுதுகிறேன். மேலே இருந்து சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

நம் வாட்ஸப் குழுவில் யாரோ உருகி எழுதியிருந்தீர்கள், நகரியில் அப்பாவின் தறியைப் பார்த்து வளர்ந்ததால்தான் தயாளனுக்கு அப்படியொரு வடிவமைப்பு மூளை என்று. சுத்தப் புருடா. அறுந்த இழையைக்கூட அவருக்கு முடியத் தெரியாது. அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அவர் அப்பாவே என்னிடம் சொன்னார்: "இவன் கை வெச்சா தறி நின்னுக்கும்மா. அந்த இம்சை தாங்காமத்தான் இஞ்சினீரிங் அனுப்பிச்சேன்." தயாளன் பக்கத்திலேயே மாலையோடு நின்றுகொண்டு, "ஏன் நின்னுதுன்னு ஒரு நாளாவது பாத்தியா நைனா?" என்று கேட்டார். மணமேடையில் கேட்கிற கேள்வியா அது? அந்த மனிதர் அப்படித்தான்.

நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்துவிட்ட காலம் அது. வெளிநாட்டுப் பொருள் உள்ளே வந்தது, நம் ஊர் ஆள் வெளியே போனான். சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஃபேக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. தோத்தாப்புரி மாம்பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, டின்னில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். அந்தக் கூழ் பிழியும் இயந்திரங்களைச் செய்துகொடுத்தது எங்கள் கம்பெனி. உள்ளே ஒரு தண்டில் சுழலும் துடுப்புகள் பழத்தைச் சல்லடையில் அழுத்திக் கூழாக இறக்கும். முதலாளி முனிரத்தினம் சார், தமிழில் தெலுங்கு கலந்து பேசுகிறவர். எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்க இடம் தேடி, கடைசியில் மவுஸுக்கு அடியில் வைத்தார். டிராயிங் போர்டில் வரைந்ததையே நாங்கள் கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் வரைய ஆரம்பித்தோம். பென்சிலுக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு உடைந்தது ராஜசேகர் அண்ணாவின் வழியனுப்பு நாளில். அவர்தான் எங்கள் தலைமை வடிவமைப்பாளர். அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்துவிட்டது. எல்லோரும் சால்வை போடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். தயாளன் மட்டும் பிரிண்ட் எடுத்த வரைபடங்களை மேசையில் விரித்துவிட்டார். "அண்ணா, துடுப்புக்கும் சல்லடைக்கும் நடுவுல இவ்ளோ சந்து எதுக்கு? தண்டை இதுக்கு மேல நீட்டினா இன்னா ஆவும்? உள்பக்க வெல்டிங்க எதுக்கு உருட்டிவிடச் சொல்றே?" பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ராஜசேகர் அண்ணா முதலில் சிரித்தார், பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சந்து சின்னதானால் நார் சிக்கும். தண்டு நீண்டால் நடுவில் தொய்யும். வெல்டிங் மூலையில் கூழ் ஒட்டிப் புளித்துப்போகும். அவர் சொல்லச் சொல்லத் தயாளன் துள்ளிக்கொண்டிருந்தார். "இந்தக் கோட்டுல இதெல்லாம் எங்கண்ணா எழுதியிருக்குது? நீ பிளேன் ஏறினா இதுவும் கூடவே ஏறிக்கும்!" என்றார்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். வரைபடம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். தயாளன் ஒவ்வொரு அளவுக்கும் பின்னால் மூன்று விஷயங்களை ஏற்றினார். எவ்வளவு, ஏன், சொன்னவர் யார். அதோடு, இது மாறினால் எதெல்லாம் மாற வேண்டும் என்பதற்கும் விதி எழுதினார். மென்பொருளுக்குள்ளேயே சின்னச் சின்ன நிரல் எழுத வழி இருந்தது, அதைப் புத்தகம் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். பழம் நறுக்கும் மேசையின் உயரத்தின் மேல் அம்புக்குறியை வைத்தால், "நறுக்குகிற பெண்கள் நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள், முதுகு வலிக்காத உயரம்" என்று வரும், சொன்ன பெண்ணின் பெயரோடு. தமிழ், தெலுங்கு எல்லாம் ஆங்கில எழுத்தில். மணிக்கு எத்தனை டன் பழம் என்ற எண்ணை மாற்றினால் போதும், சல்லடை பெருக்கும், தண்டு தடிக்கும், மோட்டார் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். முதல் முறை அது ஓடியபோது நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். அம்மாடி! படம் தானாக வளர்ந்தது!

ஆனால் எனக்குப் பயமாகவும் இருந்தது. நமக்குத் தெரிந்ததையெல்லாம் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அப்புறம் நாம் எதற்கு? "யோவ், உன் வேலைக்கு நீயே உலை வெச்சிக்கினு இருக்கே. முதலாளி நாளைக்கே நம்மள வூட்டுக்கு அனுப்பிச்சிடுவாரு" என்றேன். அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "எல்லாரும்தான் கிளம்பிக்கினு கீறாங்க லலிதா. போறவங்க லேசா போவட்டும், இருக்கறவங்க திண்டாடாம இருக்கட்டும்" என்றார். இந்த வாசகத்தை உங்களில் பலரும் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். நீங்கள் விசா வாங்கிக்கொண்டு வந்து தலையைச் சொறிந்தபோதெல்லாம் அதைத்தான் சொல்லி, நாற்காலியை இழுத்துப்போட்டு உங்களைக் கேள்வி கேட்டார்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. சித்தூரிலிருந்து பலமனேர் போகும் ரோட்டில் புதிதாக ஒரு கூழ் ஃபேக்டரி. மாம்பழக் காலம் முடிந்ததும் இயந்திரம் சும்மா கிடக்கக் கூடாது, பலமனேர்த் தக்காளியையும் அதே இயந்திரம் பிழிய வேண்டும், மாங்காய் இறங்குவதற்குள் எல்லாம் ஓட வேண்டும் என்றார் அந்த முதலாளி. முனிரத்தினம் சார் எங்களைக் கூப்பிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். ஆளாளுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள், சென்னையில் ஒரு கம்பெனி வரைபடம் மட்டும் தனியாக வரைந்து தருகிறது. "ஈ ஆர்டர் டைமுக்கு போச்சுன்னா மாடில லைட் எரியும். இல்லன்னா நான் மாடிய வாடகைக்கு விட்டுர்றேன்ப்பா. என்னைத் திட்டாதீங்கோ." எங்கள் பிரிவின் உயிர் அந்த இயந்திரத்தில் வந்து நின்றது. எனக்குத் தம்பி படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் கண்முன் வந்துபோயின. தயாளனுக்கோ கண்ணெல்லாம் மின்னியது. தக்காளி என்று சொன்னால் பெட்டி என்ன பதில் சொல்லும் என்று பார்க்க அவ்வளவு ஆசை.

தயாளன் பழம் என்ற இடத்தில் தக்காளி என்று கொடுத்தார். சல்லடைக் கண் சின்னதாகியது, விதை இறங்கக் கூடாதே. கண் சின்னதானால் அதே கூழ் இறங்கச் சல்லடை பெரிதாக வேண்டும். நீட்ட முடியாது, தண்டு தொய்யும் என்று ராஜசேகர் அண்ணாவின் விதி தடுத்தது. சரி, அகலமாகட்டும் என்று பார்த்தால் படம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. முடியாது என்று அர்த்தம். எது தடுக்கிறது என்று தேடினோம். இயந்திரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் அகலம். எங்கள் கம்பெனி செய்த எல்லா இயந்திரத்திலும் அந்த அகலம் ஒன்றேதான். எவ்வளவு என்பது இருந்தது. ஏன் என்ற இடம் காலி. சொன்னவர் என்ற இடமும் காலி.

அந்த ஓர் அளவுக்கு அந்த மாடியில் எத்தனை காரணம் தெரியுமா! அதிர்வு அடங்குவதற்கு என்றார் ஒருவர். லாரியில் ஏற்றுவதற்கு என்றார் இன்னொருவர். வாஸ்து என்றார் மூன்றாமவர், ஈசானிய மூலையெல்லாம் காட்டினார். தயாளன் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். அதிர்வுக் கணக்கு ஒத்துவரவில்லை. லாரியில் இன்னும் தாராளமாக இடம் இருந்தது. ராஜசேகர் அண்ணாவுக்கு அமெரிக்காவுக்கே போன் போட்டோம். "நான் சேந்தப்பவே அது இருந்திச்சுப்பா. உங்களுக்குத் தெரியும்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்று அவர் சிரித்தார். நானோ, "அந்த நம்பரைத் தூக்கி எறிஞ்சிட்டு வரையுய்யா, மாங்காய் வந்துடும்" என்று கத்தினேன். தயாளன் மாட்டேன் என்றுவிட்டார். "காரணம் தெரியாம வெச்சது ஒரு தப்பு. காரணம் தெரியாம எடுத்தா ரெண்டு தப்பு."

முனிரத்தினம் சாரிடம் போனோம். கேட்டதும் அவர் இரண்டு கையையும் தூக்கினார். "வத்து, வத்து! அதெ மட்டும் தொடாதீங்கோ" என்றார். வேண்டாம் என்பதை அவர் தெலுங்கில் சொன்னால் அப்புறம் பேச்சில்லை. "மொதல் மிஷின் அந்த அளவுலதான் செஞ்சேன். அது ஓடினப்புறம்தான் எனக்கு சோறு. ராசியான அளவுப்பா அது." போச்சுடா என்று நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். தயாளன் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்தார். "மொதல் மிஷின எங்க சார் செஞ்சீங்க?" என்று கேட்டார். பாகாலாவில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை ஷெட்டில் என்றார் அவர்.

அடுத்த நாள் காலையில் மூன்று பேரும் பாகாலாவில் இருந்தோம். தான் வராவிட்டால் இந்தப் பையன் எதையாவது கிளறிவிடுவான் என்று சாரும் வந்திருந்தார். ஷெட் அப்போது புளி மண்டியாகியிருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்து அடித்தளத்தைப் பார்க்கலாம், போல்ட் போட்ட துளையைத் தேடலாம் என்று பேசிக்கொண்டே போக, பின்னால் தயாளன் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசலிலேயே நிற்கிறார். டேப்பின் ஒரு முனையை நிலைக்கட்டையில் வைத்து, மறுமுனையை எதிர்க்கட்டைக்கு இழுத்து, அளவைப் படித்தார். மறுபடியும் படித்தார். அப்புறம் ஒரு கூச்சல்! "லலிதா! ரெண்டு பக்கமும் கை நுழையிற சந்து விட்டா நம்ம சட்டத்தோட அகலம்! நம்ம சட்டம்தான் லலிதா!" புளி மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்க, அந்த வாசலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு மனிதர் குதித்தார். நானும் குதித்தேன், வெட்கமென்ன.

முனிரத்தினம் சார் மெதுவாக வந்து அந்த நிலைக்கட்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா… ஷெட் ஓனர் செவுத்த இடிக்க வுடலை. மிஷின வெளிய எடுக்கணுமே, அதுக்காக நான்தான் சட்டத்தெ சுருக்கினேன். நானேதான்" என்றார். மறந்தே போயிருந்தார். இத்தனை வருடமாக, பெரிய பெரிய ஃபேக்டரிகளுக்குப் போன ஒவ்வொரு இயந்திரமும், பாகாலாவில் ஒரு வாசலைத் தாண்டுவதற்காக இடுப்பைச் சுருக்கிக்கொண்டே பிறந்திருக்கிறது! நான் சிரிப்பை அடக்க முடியாமல் புளி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சாருக்கு முகம் சுருங்கிப்போனது. ராசி என்று நம்பியது ஒரு கதவு என்றால் யாருக்குத்தான் வலிக்காது? தயாளன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ராசி உங்களோடது சார். வாசல்படியோடது இல்ல." சார் நிலைக்கட்டையை ஒரு தடவை தட்டிக்கொடுத்தார். பிறகு, "சரி, அகலம் பண்ணு" என்றார்.

தயாளன் அந்த விதியை அழிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் அழிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். ஏன் என்ற இடத்தில், "பாகாலா ஷெட்டின் வாசல். ஷெட்டை விட்டாயிற்று, இனி தேவையில்லை" என்று அடித்தார். சொன்னவர் முனிரத்தினம் என்று போட்டார். அப்புறம் அகலத்தை விடுவித்தார். சிவப்பு ஒவ்வொரு கோடாக உதிர்ந்தது. சல்லடை அகன்றது, மூடி அகன்றது, கால்கள் விலகி நின்றன, போல்ட் துளைகள் தாங்களே இடம் தேடிப் போய் உட்கார்ந்தன. சார் எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏமிரா இது, தானா வீடு கட்டிக்குது!" என்று வாய் பிளந்தார். வரைபடம் அச்சடிக்கும் பிளாட்டர் தாள்களைத் துப்பத் துப்ப, அவரே ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் மஞ்சள் வைத்தார். அளவு மறையாமல் வைக்கும்படி நான் அவரை மிரட்டிக்கொண்டிருந்தேன்.

இயந்திரம் மாங்காய்க்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. தோத்தாப்புரி ஓடியது. காலம் முடிந்ததும் சல்லடையை மாற்றித் தக்காளி கொட்டினார்கள். சிவப்பாக, வழவழவென்று, ஒரு விதை இல்லாமல் கூழ் இறங்கியபோது நாங்கள் இருவரும் அங்கேதான் நின்றோம். தயாளன் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "துன்னு பாரு லலிதா, நம்ம கணக்கு எவ்ளோ ருசியா கீதுன்னு" என்றார். புளிப்பில் பல் கூசியது. ஆனாலும் அதைப்போல ஒன்றை நான் பிறகு சாப்பிட்டதில்லை.

மாடியில் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம்தான் நீங்கள் பலரும் வந்து சேர்ந்தீர்கள், தெரிந்ததைச் சொல்லிவிட்டு லேசாகப் போனீர்கள். நானும் சென்னைக்குப் போனேன், பிறகு இந்தப் பக்கம் திரும்பினேன். ராஜசேகர் அண்ணா அமெரிக்காவிலிருந்து தயாளனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். இந்த மாதிரி வேலைக்கு அங்கே பெரிய பெரிய கம்பெனிகள் தனிப் பிரிவே வைத்திருக்கின்றன, வந்தால் ராஜா மாதிரி இருக்கலாம் என்றார். தயாளன் போகவில்லை. திருப்பதியிலேயே இருந்தார், கடைசி வரை.

சொந்த ஊரான நகரியில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்தவர்கள் அவர் ஏன் அமெரிக்கா போகவில்லை என்பதைத்தான் பேசினார்கள். அம்மாவை விட்டுப் போக மனசில்லை என்றது ஒரு குரல். முதலாளி விசுவாசம் என்றது இன்னொன்று. தைரியம் இல்லாத பிள்ளை, பிழைக்கத் தெரியாதவன் என்று ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டார். நித்யா என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அத்தை, எங்களாலதான் நைனா போவலையா? எனக்காக வுட்டுட்டாரா? அவரு வாழ்க்கைய நான் கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை எத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டிருந்ததோ.

எனக்குக் காரணம் தெரியும். சித்தூரிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில் நானே அவரைக் கேட்டிருக்கிறேன். நித்யா பிறக்காத காலம். "யோவ், இவ்ளோ பெரிய வேலைய வேணாங்கறியே, உனக்கு பைத்தியமா?" என்றேன். அவர் ஜன்னல் பக்கத்திலிருந்து திரும்பி, ரகசியம் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இங்கயே ஜாலியா கீதே லலிதா! இதை வுட்டுட்டு எவனாவது போவானா?" என்றார். அவ்வளவுதான் காரணம். அதை அப்படியே, அவர் குரலிலேயே அவளிடம் சொன்னேன். நித்யா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தச் சாவு வீட்டில், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "நைனாவேதான்" என்றாள்.

அவருடைய விதிகள் பல இன்று வேறு மென்பொருளில் வேறு பெயரில் ஓடுகின்றன. அவை கம்பெனிகளுக்கு. எனக்கு என்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பஸ்ஸில் கேட்ட பதில் ஒன்றைத்தான். தியாகம், விசுவாசம், பயம் என்று யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், நண்பர்களே. தயாளன் சந்தோஷமாக இருந்தார். அவரே சொன்னார், நான் கேட்டேன்.